கொடுக்கப்பட்டவர்கள்

(பொன்விழா ஆயத்த நாட்களில் ஒரு மாலை, கோவில் முற்றத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா நெருங்கிவிட்டது. கோவிலுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாகிவிட்டது. இந்த மாலைக் கூட்டத்துக்கு உரை ஒன்று வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, “சாமி, எந்தப் பொருளானாலும் சரி” என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னதற்காக அவர்கள் இன்று வருந்தக்கூடும். ஏனென்றால் நாம் எடுத்துக்கொண்டது, விவிலியத்தைத் திறக்கிறவர்கள் எல்லாரும் புரட்டிவிட்டுப் போகிற ஒரு பெயர்ப் பட்டியல்.

எஸ்ரா நூலின் 2ஆம் அதிகாரம் அது. நாம் குருமடத்தில் படித்த நாட்களில் உணவறையில் ஒருவர் விவிலியம் வாசிக்க, மற்றவர்கள் பேசாமல் உண்போம். ஒரு நாள் இந்த அதிகாரம் வந்தது. வாசித்த தம்பி ஒவ்வொரு பெயரிலும் தட்டுத் தடுமாறினார். “பக்பூக்கின் மக்கள்” என்று அவர் சொன்னபோது ஒரு மேசையில் சிரிப்பு எழுந்தது; அது மறு மேசைக்கும் பரவியது. நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போது நமக்குச் சிறிது வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்த உரை.

கி.மு. 586ஆம் ஆண்டையொட்டி பாபிலோன் அரசன் நெபுகத்னேசரின் படை யெருசலேம் கோவிலை எரித்தது. சாலமோன் கட்டிய கோவில் சாம்பலாயிற்று. மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பின்னர் பாரசீக அரசன் சைரசு பாபிலோனைப் பிடித்து, கி.மு. 538இல் யூதர்கள் திரும்பிப் போகலாம், தங்கள் கோவிலைக் கட்டலாம் என்று அனுமதி கொடுத்தான். அப்படித் திரும்பியவர்களின் கணக்குத்தான் இந்தப் பட்டியல். மொத்தம் 42,360 பேர். முதலில் பொதுமக்கள், பிறகு குருக்கள், லேவியர், பாடகர், வாயிற்காவலர் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அந்த வரிசையின் கடைக்கோடிக்கு அருகில் ஒரு கூட்டம் நிற்கிறது. எபிரேய மொழியில் அவர்களுக்கு ‘நெத்தினிம்’ என்று பெயர். நம் தமிழ் விவிலியம் ‘கோவில் பணியாளர்’ என்று சொல்கிறது.

‘நெத்தினிம்’ என்றால் ‘கொடுக்கப்பட்டவர்கள்’. நத்தானியேல் என்ற பெயர் நம் பங்கில் எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது! ‘கடவுள் கொடுத்தார்’ என்பது அதன் பொருள். யோனத்தான் என்ற பெயரிலும் அதே வேர்ச்சொல்தான். எண்ணிக்கை நூலில் லேவியர்கள் ஆரோனுக்குக் கொடுக்கப்பட்டவர்கள் என்று சொல்லும்போதும் இதே சொல்தான் வருகிறது. அன்னா தன் மகன் சாமுவேலை ஆண்டவருக்குக் கொடுப்பேன் என்று நேர்ந்துகொண்டபோதும் இதே வினைச்சொல். ஆகவே சொல் உயர்ந்த சொல்தான். ஆனால் சாமுவேலைக் கொடுத்தது தாய். இவர்களைக் கொடுத்தது யார்? தாவீதும் அவருடைய தலைவர்களும் லேவியருக்கு ஊழியம் செய்யும்படி இவர்களை ஏற்படுத்தினார்கள் என்று எஸ்ரா நூல் 8ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. அரசன் கொடுத்தான், ஆலயம் வாங்கிக்கொண்டது. இடையில் கொடுக்கப்பட்டவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

இவர்கள் யார் என்பதை அந்தப் பெயர்களே ஓரளவு காட்டிக்கொடுக்கின்றன. ‘மெயுனிம்’, ‘நெபுசிம்’ என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. இவை தனி ஆட்களின் பெயர்கள் அல்ல. பாலைநிலத்து இனங்களின் பெயர்கள். ‘சீசரா’ என்று ஒரு பெயர் வருகிறது. நீதித்தலைவர்கள் நூலில் யாவேல் என்ற பெண் கூடார முளையால் கொன்றாளே, அந்தக் கானானியப் படைத்தலைவனின் பெயர் அது. ‘ரெசின்’ என்பது தமஸ்கு அரசன் ஒருவனுக்கு இருந்த பெயர். ‘சிகா’ எகிப்தியப் பெயர் என்கிறார்கள் அறிஞர்கள். போரில் பிடிபட்டு வந்தவர்களின் வழிமரபு இது என்று நினைக்க இடமிருக்கிறது.

மற்ற சில பெயர்கள் பட்டப்பெயர்கள் போலத் தோன்றுகின்றன. ‘அகாபு’ என்றால் வெட்டுக்கிளி. ‘பாசெயா’ என்றால் நொண்டி. நாங்கள் சிரித்த ‘பக்பூக்’ என்றால் குப்பி. தண்ணீர் ஊற்றும்போது குடுவை எழுப்புகிற ஓசையிலிருந்து பிறந்த சொல். எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு நொண்டி என்றும் குப்பி என்றும் பெயர் வைக்கமாட்டாள். வேலை வாங்குகிறவர்கள் வைத்த பெயர், பிறகு குலத்துக்கே நிலைத்துப் போயிருக்கலாம். நம் ஊரிலும் சில குடும்பங்களை வீட்டுப் பெயரால் அல்லாமல் வேறு ஏதோ ஒன்றால் அழைக்கிறோம் அல்லவா? அது எப்படி ஆரம்பித்தது என்று அந்தக் குடும்பத்தாரிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். இந்தப் பட்டியலில் கோவில் பணியாளர் குடும்பங்கள் 35. சாலமோனின் ஊழியர் வழிவந்தவர்கள் என்று இன்னொரு பிரிவு உண்டு. அதில் 10 குடும்பங்கள். இரண்டும் சேர்த்து 45 குடும்பங்கள், 392 பேர். ஒரு குடும்பத்துக்கு ஒன்பது பேர்கூடத் தேறவில்லை. மற்ற குலங்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று எண்ணப்படும் இடத்தில் இவர்கள் விரல்விட்டு எண்ணும்படி வந்திருக்கிறார்கள். ஆனால் லேவியரைப் பாருங்கள்: 74 பேர்! குருக்கள் 4,289 பேர். அவர்களுக்கு உதவி செய்யவேண்டிய லேவியர் 74 பேர். 58 குருக்களுக்கு ஒரு லேவியர் வீதம் வருகிறது. பூசை வைக்க ஆள் இருக்கிறது, பூசைக்கு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. எக்காலத்திலும் திருச்சபையில் இது புதிதல்ல போலும்.

லேவியர் ஏன் வரவில்லை? பாபிலோனில் அவர்களுக்கு ஐம்பது ஆண்டு வாழ்க்கை வேரூன்றிவிட்டது. யெருசலேமுக்குப் போனால் குருக்களுக்குக் கீழே இரண்டாம் இடந்தான். எசேக்கியேல் இறைவாக்கினர் நூலின் 44ஆம் அதிகாரம் லேவியரைப் பீடத்துக்கு அருகில் வரவிடாமல், வாயில் காப்பதற்கும் பலிப்பொருள்களை வெட்டுவதற்கும் நிறுத்திவைக்கிறது. இதை ஏற்றுக்கொண்டு ஆயிரம் கல் தொலைவு போவதா என்று அவர்கள் தயங்கியிருந்தால், மனித இயல்பை அறிந்த நாம் வியப்படைய வேண்டியதில்லை.

கோவில் பணியாளர்களின் நிலையோ இன்னும் கீழே. லேவியருக்கு ஊழியம் செய்பவர்கள் அவர்கள், ஊழியருக்கு ஊழியர். எருசலேமில் கோவில் இடிந்து கிடந்த வரைக்கும் அவர்களுக்கு வேலையில்லை. வேலையில்லை என்றால் விடுதலை என்றே பொருள். தாவீது அரசன் மாட்டிய விலங்கை நெபுகத்னேசர் உடைத்துவிட்டான் என்றுகூடச் சொல்லலாம். பாபிலோனிலேயே இருந்திருந்தால் இவர்களுடைய முன்னோர்களின் கதையை யார் கேட்கப் போகிறார்கள்? இருந்தும் 392 பேர் திரும்பினார்கள்.

இதைப் பக்தி என்று மட்டும் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. சிலர் வேறு பிழைப்பு தெரியாததால் வந்திருக்கலாம். சிலர் தங்கள் தலைவர் சொன்னதால் வந்திருக்கலாம். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. கொடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த முறை தாங்களாகவே நடந்து வந்தார்கள்.

சுமார் எண்பது ஆண்டுகள் கழித்து, கி.மு. 458இல் எஸ்ரா என்னும் குரு இன்னொரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு புறப்பட்டார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குள் கோவில் கட்டி முடிந்திருந்தது. அது நடந்தது கி.மு. 515இல். எஸ்ரா அகவா என்னும் ஆற்றருகே பாளையம் இறங்கி, மூன்று நாள் தங்கி, ஆட்களைக் கணக்குப் பார்த்தார். பொதுமக்கள் இருந்தார்கள். குருக்கள் இருந்தார்கள். லேவியர் ஒருவர்கூட இல்லை! உடனே கசிப்பியா என்னும் ஊரில் இருந்த இத்தோ என்ற தலைவனிடம் ஆள் அனுப்பினார். எங்கள் கடவுளின் இல்லத்துக்கு ஊழியர்களை அனுப்புங்கள் என்பது வேண்டுகோள். அங்கிருந்து லேவியர் 38 பேர் வந்தார்கள். கோவில் பணியாளர் 220 பேர் வந்தார்கள்.

அந்த 220 பேருடைய பெயர்களும் குறிக்கப்பட்டன என்று நூல் சொல்கிறது. கவனித்துப் பாருங்கள். லேவியரில் தலைவர்கள் இன்னார் என்று இரண்டு மூன்று பெயர் வருகிறது. பணியாளரைப்பற்றிச் சொல்லும்போது மட்டுமே எல்லாருடைய பெயரும் எழுதப்பட்டது என்ற குறிப்பு வருகிறது. எஸ்ராவின் கையில் இருந்த ஓலையிலோ தோலிலோ அந்த 220 பெயர்களும் இருந்தன. ஆனால் நம் கைக்கு வந்த நூலில் அந்தப் பெயர்கள் இல்லை. எழுதப்பட்டன என்ற செய்தி வந்து சேர்ந்தது. எழுதப்பட்டது வந்து சேரவில்லை.

பெயர் எழுதுவது அந்த நாளில் சிறிய காரியமல்ல. அதே 2ஆம் அதிகாரத்தின் இறுதியில் குருக் குலத்தைச் சேர்ந்த சிலர் வருகிறார்கள். தாங்களும் குருக்கள் என்கிறார்கள். தலைமுறைப் பதிவேட்டில் தேடிப் பார்த்தபோது அவர்கள் பெயர் இல்லை. ஆகையால் குருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டு, தூய உணவை உண்ணக்கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். குரு என்று சொல்லிக்கொண்டவர்களுக்குப் பதிவு இல்லை. அந்நிய வழிவந்த விறகுவெட்டிக்கும் தண்ணீர் சுமப்பவனுக்கும் பதிவு இருக்கிறது. இது நம்மைப் போன்ற குருக்கள் தனியாக உட்கார்ந்து வாசிக்கவேண்டிய பகுதி.

விறகுவெட்டி, தண்ணீர் சுமப்பவன் என்று ஏன் சொன்னோம்? யோசுவா நூலின் 9ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிபயோன் ஊரார் கிழிந்த சாக்கும் பூசணம் பிடித்த அப்பமும் ஒட்டுப்போட்ட செருப்புமாக வந்து, தூரதேசத்தார் என்று சொல்லி ஏமாற்றி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். குட்டு வெளிப்பட்டபோது, வாக்குக் கொடுத்தாயிற்றே என்று யோசுவா அவர்களைக் கொல்லவில்லை. ஆண்டவருடைய பீடத்துக்கு விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைத்துவிட்டார். நெத்தினிம் என்பவர்கள் இந்தக் கிபயோனியரின் சந்ததிதான் என்று பிற்கால யூத ரபிகள் கூறினார்கள். விவிலியம் அப்படி நேராகச் சொல்லவில்லை. எனினும் வேலை அந்த வகையானதுதான் என்று எண்ண நியாயம் உண்டு. காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி என்று நாள் தவறாமல் எரிபலி. பீடத்து நெருப்பு அணையவே கூடாது என்பது சட்டம். எவ்வளவு விறகு! பலி நடக்கும் இடத்தைக் கழுவ எவ்வளவு தண்ணீர்!

தண்ணீர் எங்கே இருந்தது? யெருசலேம் மலைமேல் இருந்த ஊர். அதன் ஊற்று கீகோன், கிழக்குச் சரிவின் அடிவாரத்தில். கோவில் மேலே, வடக்கில். இரண்டுக்கும் இடையே இருந்த மேட்டுக்கு ஓபேல் என்று பெயர். கோவில் பணியாளர் ஓபேலில் குடியிருந்தார்கள் என்று நெகேமியா நூல் 3ஆம் அதிகாரத்திலும் 11ஆம் அதிகாரத்திலும் சொல்கிறது. பக்கத்தில் இருந்த வாயிலின் பெயர் தண்ணீர் வாயில்! படம் வரைந்து காட்டவேண்டியதில்லை. குடத்தோடு இறங்கி, குடத்தோடு ஏறுகிற பாதையின் ஓரத்திலேயே அவர்களுக்கு வீடு.  

நெகேமியா கி.மு. 445இல் வந்து, இடிந்த மதிலை 52 நாளில் கட்டி முடித்தார். யார் யார் எந்தெந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்ற நீண்ட பட்டியல் 3ஆம் அதிகாரத்தில் உண்டு. தலைமைக் குரு எலியாசிபு பெயரோடு அது தொடங்குகிறது. தெக்கோவா ஊர்ப் பெரியமனிதர்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று அதில் ஒரு குத்தலும் உண்டு. (பெயரைப் போட்டுவிட்டால் வேலை செய்ததாகும் என்று நினைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள்.) தண்ணீர் வாயிலுக்கு எதிரே வரும்போது ஓபேலின் பணியாளர்கள் பெயரும் அந்தப் பட்டியலில் வந்துவிடுகிறது.

பாரசீக அரசன் அர்த்தக்சஸ்தா எஸ்ராவுக்குக் கொடுத்த ஆணையில் ஒரு சலுகை இருக்கிறது. குருக்கள், லேவியர், பாடகர், வாயிற்காவலர், கோவில் பணியாளர் ஆகியோர்மீது வரியோ தீர்வையோ சுங்கமோ விதிக்கக்கூடாது என்பது அது. பிற இன அரசன் ஒருவன் தலைமைக் குருவையும் தண்ணீர் தூக்குகிறவனையும் ஒரே வரியில் வைத்தான். அதே காலத்தில் பாபிலோனியக் கோவில்களிலும் இத்தகைய ஊழியர் இருந்தார்கள். உருக் நகரத்து இஷ்தார் தேவதையின் கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டவர்களின் கையில் நட்சத்திரக் குறி சுட்டிருந்தார்கள். ஓடிப்போனால் பிடித்துக் கொண்டுவர வசதியாக. யெருசலேமில் அப்படிச் சூடு போட்டதாக எங்கும் இல்லை. மாறாக, நெகேமியா காலத்தில் மக்கள் எல்லாரும் கடவுளின் சட்டத்தின்படி நடப்போம் என்று ஆணையிட்டு உடன்படிக்கை செய்தபோது, கோவில் பணியாளரும் தங்கள் மனைவி மக்களோடு நின்று அந்த ஆணையில் சேர்ந்தார்கள். அந்நிய வழிவந்தவர்கள் அன்று இறைமக்களாக நின்றார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் விழா உரைக்கு மிகப் பொருத்தமாக இருந்திருக்கும். முடியவில்லை.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்ட நூல், பாபிலோனிலிருந்து பத்து வகைப் பிறப்பினர் வந்தார்கள் என்று வரிசைப்படுத்துகிறது. குருக்கள் முதலிடம். நெத்தினிம் எட்டாம் இடம்; அவர்களுக்குக் கீழே தகப்பன் பெயர் தெரியாதவர்களும் தெருவில் கண்டெடுத்த பிள்ளைகளுமே. குருக்களும் லேவியரும் மற்ற இஸ்ரயேலரும் தங்களுக்குள் மணம் செய்துகொள்ளலாம். நெத்தினிம் அந்த வட்டத்தில் சேரக்கூடாது. கொடுக்கப்பட்டவர்களோடு கொள்வினை கொடுப்பினை இல்லை. அவர்கள் எடுத்துவந்த தண்ணீர் பீடத்துக்கு ஆகும். அவர்கள் வீட்டுப் பெண் ஆகாது. இதை வேறு எந்த நாட்டு மக்களுக்கும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கும். நமக்கு வேண்டியதில்லை.

ரபி யூதா என்ற பெரியவர் காலத்தில் இந்தத் தடையை நீக்கிவிடலாமா என்று பேச்சு எழுந்ததாம். நம்முடைய பங்கை நாம் விட்டுக்கொடுத்துவிடலாம், பீடத்துக்குரிய பங்கை யார் விட்டுக்கொடுப்பது என்று அவர் கேட்டாராம். தல்மூது என்னும் நூலில் இது இருக்கிறது. அவர் பக்தியினால்தான் சொன்னார். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் அதைச் சொன்ன நாளில் பீடமே இல்லை. உரோமையர் கி.பி. 70இல் கோவிலைத் தரைமட்டமாக்கி நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. விறகு இல்லை, நெருப்பு இல்லை, தண்ணீர் சுமக்க வேலையும் இல்லை. பிறப்பின் குறி மட்டும் எஞ்சியிருந்தது. அதே மிஷ்னாவில், கல்வியில்லாத தலைமைக் குருவைக் காட்டிலும், முறைகேடாய்ப் பிறந்தவனாயினும் கல்வியுள்ளவன் முந்தியவன் என்று ஒரு சொல்லும் இருக்கிறது. அந்த ரபிகளுக்கே மனம் உறுத்தியிருக்கவேண்டும்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

பொன்விழா மலருக்காகப் பங்கின் பழைய கணக்குப் புத்தகங்களைச் சென்ற மாதம் எடுத்துப் பார்த்தோம். இந்த 50 ஆண்டில் இங்கே பணியாற்றிய குருக்களின் பெயர்கள் அனைத்தும் கிடைத்தன. வந்த தேதி, மாறிப்போன தேதி எல்லாம் உண்டு. மணி வாங்கிக் கொடுத்தவர், சுரூபம் வாங்கிக் கொடுத்தவர், பீடத்துக்குச் சலவைக்கல் கொடுத்தவர் பெயர்களும் இருக்கின்றன. கல்லில் வெட்டியும் இருக்கின்றன. கோவில்பிள்ளைகளைத் தேடினோம். மாதந்தோறும் வரவு செலவில் ஒரு வரி மட்டும் வருகிறது: ‘கோவில்பிள்ளைக்கு ரூ. 15.’ பிறகு ‘ரூ. 25.’ பிறகு ‘ரூ. 40.’ ஆள் மாறியிருக்கிறார் என்பதுகூட அந்த வரியிலிருந்து தெரியவில்லை. நாம் பொறுப்பேற்ற பிறகு எழுதிய பக்கங்களையும் புரட்டினோம். நம் கையெழுத்திலும் அப்படியே இருக்கிறது: ‘கோவில்பிள்ளைக்கு.’ தொகை மட்டும் கூடியிருக்கிறது; நியாயமாகக் கூடவேண்டிய அளவு கூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். நெகேமியா காலத்தில் லேவியருக்குக் கொடுக்கவேண்டிய பங்கைக் கொடுக்காமல் விட்டதால் அவர்கள் கோவிலை விட்டுத் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். நெகேமியா அதிகாரிகளைக் கூப்பிட்டு, கடவுளின் இல்லம் ஏன் கைவிடப்பட்டது என்று கேட்டார். வரும் மாதப் பங்குப் பேரவையில் இது முதல் பொருளாக வரும். அங்கே யாரும் நம்மைக் கேட்பதற்கு முன் நாமே கேட்டுக்கொள்கிறோம்.

முதல் கோவில்பிள்ளை ஒருவர் இருந்தார், ஓலைக்கொட்டகைக் கோவில் காலத்தில். காலை நாலரைக்கு மணி அடிப்பார், மழை நாளில் நற்கருணைப் பேழைக்குமேல் தன் போர்வையை விரித்துவிட்டு நனைந்துகொண்டு நிற்பார் என்று ஒரு பாட்டி நம்மிடம் சொன்னார். பெயர் கேட்டோம். “எல்லாரும் கோயிலுப்பிள்ளை தாத்தான்னுதான் கூப்பிடுவோம், சாமி” என்றார். அவருக்குப்பின் வந்தவர்கள், கோவிலைப் பெருக்கிய பெண்கள், திருவிழாவுக்குத் தண்ணீர் சுமந்தவர்கள், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர்கள் எவர் பெயரும் எழுத்தில் இல்லை.

மலர் அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டுவைக்கும்படி மலர்க்குழுவிடம் சொல்லியிருக்கிறோம். சக்கிறீஸ்து வாசலில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கும். பெயர் நினைவிருப்பவர்கள் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் நம்மிடம் சொன்னால் நாம் எழுதிக்கொள்கிறோம். பட்டப்பெயர் வேண்டாம், ஞானஸ்நானப் பெயர் வேண்டும். ஞானஸ்நானப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். இன்று இரவே அந்தப் பாட்டியின் வீட்டுக்கு ஒருமுறை போகலாம் என்றிருக்கிறோம்; படுத்துத் தூங்கும் நேரத்தில் ஒருவேளை அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரும் என்று சொன்னார்.